‘இப்போதைக்கு’, ‘கையோட’: பழைய புல்லட் புதுப்பித்தலில் இரு வினையடைகளின் பங்கு

இரண்டே இரண்டு வினையடைகள் சேர்ந்து ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்துவிட முடியும் என்பதை நம் இலக்கண நூல்கள் எங்கும் பேசவில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுக்களம், எங்கள் வீட்டுக் கொல்லையில் உள்ள தகரக் கொட்டகை. ஆய்வுப்பொருள், அப்பா விட்டுச்சென்ற 1978 மாடல் புல்லட். நிதிநல்கை ரூ. 15,000, நல்கியவரும் ஆய்வாளரே. காலம், ‘சித்திரைக்குள்ள ஓட்டிரலாம் தம்பி’ என்று தையில் சொல்லப்பட்ட நாள்முதல் ஐப்பசி அடைமழை வரை.

பொருளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். புல்லட்டுக்குப் பூர்விகம் இங்கிலாந்தின் ரெட்டிச். 1955-இல் அங்கிருந்த கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச்சேர, என்ஃபீல்டு இந்தியா பிறந்தது; திருவொற்றியூரிலிருந்து வண்டி வரத் தொடங்கியது. 1970-இல் இங்கிலாந்துக் கம்பெனி வண்டி செய்வதை நிறுத்தியது. திருவொற்றியூரிலோ அதே 346 சி.சி. இன்ஜின், அதே 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக்குடன் பல்லாண்டு ஓடியது. அப்பன் போன பிறகும் பிள்ளை கட்டிக்காத்த சொத்து. பரம்பரை வண்டி பற்றிய ஆய்வுக்கு வேறு வண்டியைத் தேடுவானேன்?

முதலில் அகழாய்வு. டேங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் மூன்று பண்பாட்டு அடுக்குகள் வெளிப்பட்டன. மேலே வெள்ளி, நடுவே மெரூன், அடியில் கறுப்பு. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலிக் குடியிருப்பு ஒன்றும், அதன் மெத்தையாக 2011-ஆம் ஆண்டுத் தினசரிக் காலண்டர் தாள்களும் கிடைத்தன. வண்டி நின்றுபோன காலத்தைக் கணிக்க வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் முதன்மையான கண்டெடுப்பு டேங்கின் அடிப்பக்கத் தையலில் இருந்தது. விரல் நீளத்துக்குச் சிவப்பாக, கல்லாக இறுகிய ஒரு பொருள். நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். குளியல் சோப்பு.

பெட்ரோலில் சோப்பு கரையாது. ஒழுகும் இடத்தில் சோப்பை அழுத்தித் தேய்த்தால் ஒழுக்கு நிற்கும். இது தற்காலிக வைத்தியம் என்பது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். அம்மாவின் வாய்மொழிச் சான்று இவ்வாறு: “உங்கப்பா இப்போதைக்கு இருக்கட்டும்னுதான் வச்சாரு. நீ எட்டாவது படிக்கிறப்ப.” ஆய்வாளருக்கு இப்போது வயது நாற்பத்து நான்கு.

ஆக, அப்பா ‘இப்போதைக்கு’ மரபைச் சேர்ந்தவர். மட்கார்டைத் தாங்கும் கட்டுக்கம்பி, சீட்டுக் கிழிசலைச் சுற்றிய சைக்கிள் டியூப், டூல்பாக்ஸ் மூடியைப் பிடித்திருந்த அரைஞாண் கயிறு எல்லாம் இம்மரபின் நினைவுச் சின்னங்கள்.

இதற்கு நேர் எதிரானது எங்கள் மெக்கானிக் அண்ணன் நிறுவிய ‘கையோட’ மரபு. நான் கேட்டது கார்ப்பரேட்டரைச் சுத்தம் செய்ய மட்டுமே. “கார்ப்பரேட்டர இறக்கியாச்சு தம்பி. கையோட ஹெட்டத் திறந்து பாத்துருவோம்.” திறந்தார். “ஹெட்டப் பிரிச்சாச்சு. கையோட ரிங்கையும் பாத்துருவோம்.” பார்த்தார். போர் தேய்ந்திருந்தது. கையோட ஓவர்சைஸ் பிஸ்டன்.

இத்தொடரின் இலக்கணம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. ‘ஆச்சு’ இல்லாமல் ‘கையோட’ வருவதில்லை. நடந்து முடிந்த ஒன்றைச் சாட்சிக்கு நிறுத்திவிட்டுத்தான் நடக்கப்போவதைக் கேட்பார்கள். முடிந்துபோனதோடு யார் வாதாடுவது? அடுத்து, ‘பாத்துருவோம்’ என்பது உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. பார்ப்பவர் இருவர். பணம் கொடுப்பது மட்டும் தன்மை ஒருமை.

செலவைக் குறைக்கச் சில சோதனைகளும் நடந்தன. இறுகிப்போன பிஸ்டனுக்குப் பிளக் ஓட்டை வழியே டீசல் ஊற்றி இரண்டு ராத்திரி ஊறவைத்தது பலித்தது. துருவேறிய நட்டுகளைப் புளிக்கரைசலில் போட்டதும் பலித்தது. அம்மா புளிக்கு மட்டும் தனிக்கணக்கு வைத்திருக்கிறார். பழைய ஹெட்லைட் வளையம் தேடிச் சென்னை புதுப்பேட்டைக்குப் போனது பலிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். வளையம் கிடைத்தது. ஆனால் அதன் விலையைப் போல மூன்று மடங்கு பஸ் டிக்கெட்டுக்கும் பிரியாணிக்கும் ஆனது. ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில் இருந்ததால் படிவம் 31, பதினைந்து ஆண்டு தாண்டியதால் ஐந்தாண்டுக்கொரு புதுப்பித்தல் என ஒரு கிளை ஆய்வும் உண்டு. அதை எழுதினால் இக்கட்டுரை தாங்காது.

நல்கை பங்குனியிலேயே தீர்ந்தது. கணக்கு நோட்டில் ரூ. 41,300 வரை எழுதியிருக்கிறேன். அதற்குமேல் எழுதவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிக் அடிக்கும் சடங்கு. சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அமுக்கினால் ஆம்பியர் மீட்டர் முள் ஒருபக்கம் சாயும். பாயின்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். அந்த இடத்தில் டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து இன்னும் ஒரு நூல் இறக்கி, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. முள்ளைப் பார்க்காமல் மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும்; ஆய்வாளரின் வலது முழங்காலுக்குக் கீழே இதற்கான ஆவணம் உள்ளது. ஏழாவது மிதியில் வண்டி பிடித்துக்கொண்டது. மெக்கானிக் அண்ணன் ஒரு காதைச் சாய்த்துக் கேட்டார். அம்மா கொல்லை வாசலுக்கு வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நிமிடத்தில் பெட்ரோல் வாசம். வெல்டிங் வைத்து, டிங்கர் பார்த்து, புதுப் பெயின்ட் அடித்த அதே டேங்கில், அதே தையலில், சொட்டுச் சொட்டாக. அண்ணன் குனிந்து பார்த்து, “டேங்க இறக்கி, கையோட…” என்று தொடங்கினார். நான் குளியலறைக்குப் போய்ச் சோப்பை எடுத்துவந்தேன்.

ஒழுக்கு நின்றது. கைக்காசுக்குள் பழைய வண்டியை ஓட்ட நினைப்பவருக்கு ‘இப்போதைக்கு’ மரபே ஏற்றது என்பது இவ்வாய்வின் முடிவு. இதை அம்மாவிடம் அறிவித்தபோது அவர் கொட்டகையை அண்ணாந்து பார்த்தார்.

“வண்டிதான் ரெடி ஆச்சே. கையோட இந்தக் கூரையையும் மாத்திரு.”

பன்னிரண்டு ஷீட் சொல்லியிருக்கிறேன்.