பூசலாருக்கு எத்தனை மார்க்?

நெமிலிச்சேரிக்கு அடுத்த ஸ்டேஷன் திருநின்றவூர். காசில்லாத சிவனடியார் பூசலார் அங்கே உட்கார்ந்து, அஸ்திவாரம் முதல் கலசம் வரை மனசுக்குள்ளேயே கோயில் கட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லில் கட்டிய கோயிலுக்கும் அதே நாளில் குடமுழுக்கு. சிவன் மன்னனின் கனவில் வந்து, ‘நாளைக்குப் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ தேதியைத் தள்ளிப்போடு’ என்றாராம். பெரியபுராணச் சேதி.

நெமிலிச்சேரியில் ரயிலேறும் பையன் கைடைத் திறந்து, இதே கதையை 5 மார்க்குக்கு உருப்போடுகிறான். அடுத்த ஸ்டேஷனில் இறங்கினால் இந்தக் கதைக்குரிய இருதயாலீஸ்வரர் கோயிலே இருக்கிறது, சிலபஸில் இல்லையே! பூசலாரே பரீட்சை எழுத வந்தாலும் தேறுவது சந்தேகம்தான். கட்டின விதத்தை அவர் கல் கல்லாக எழுதிக்கொண்டு போவார். கைடில் இருப்பதோ நாலே வரி.