கல்முனையில் பனி

2013இல் வந்த 'ஃப்ரோசன்' படம் கல்முனைக் கரையில் இன்னும் உருகவில்லை. நல்லதுதான். பனியே காணாத ஊரில் பிறந்த பிள்ளைக்கு வருஷத்தில் ஒரு நாள், பிறந்தநாளிலாவது பனி வேண்டாமா? வட்டிலப்பம் நீலமாக மறுக்கிறது, கித்துள் கருப்பட்டியின் பிடிவாதம் அப்படி. ஆகவே விருந்திலிருந்து நீக்கம். தொதலை வெட்டி வெள்ளித்தாளில் சுற்றினால் பனிப்பாறை. எல்லாம் வீட்டுத் தயாரிப்பு: அச்சு கொழும்பு, ரிப்பன் சீனா, யோசனை யூடியூப், இடுப்புவலி உம்மம்மாவுக்கு. மருதமுனைக் கைத்தறி விரிப்பில் பனி இல்லை, அதுவும் உள்ளே போகட்டும். பிறந்தநாள் நமது வழக்கமா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். பிழையான கேள்வி. இது பிறந்தநாள் அல்ல, 'தீம்'. பிள்ளை வெறும் சாட்டு. அன்பளிப்புப் பைகள் எண்ணிக் கொடுத்தாகிவிட்டன. படத்து எல்சாவின் உடுப்புக்குள் வியர்த்து ஊறிய சாட்டு கேட்கிறது: "உம்மா, வட்டிலப்பம் இல்லயா?"