விசா கேட்காத மலை

கேள்வி: ஜப்பானில் கடலோர ஷிண்டோ கோயிலான இட்சுகுஷிமாவைப் பார்க்க ஆசை. கையில் காசில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ராசிபுரம்

பதில்: ஆசையை விடாதீர்கள். கடல் நீரில் நிற்கும் அந்தச் சிவப்புத் தோரணவாயில் ஆயுளில் ஒருமுறை பார்க்க வேண்டியதுதான். 1996-லேயே யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிவிட்டது.

காசு சேரும்வரை கொல்லிமலைக்குப் போய் வாருங்கள். காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள் விசா கேட்காது, வயிற்றைத்தான் கொஞ்சம் கேட்கும்! மேலே அறப்பளீஸ்வரர் கோயில், அப்பர் தேவாரத்தில் இடம்பெற்ற வைப்புத்தலம். அருகிலேயே ஐயாறு. அறுத்த மீனைப் பொருத்தி உயிர் கொடுத்த ஈசன் என்பது தலக்கதை. அதனால் ஆற்று மீனுக்கு இங்கே பொரிதான், பொரியல் இல்லை. இயற்கையிலேயே தெய்வத்தைக் காண்பது ஷிண்டோ மட்டுமல்ல, நம் மலையும்தான்.

கோயிலிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. இறங்கும்போது செல்ஃபி, ஏறும்போது சிவசிவா! முழங்கால் வலி உள்ளவர்கள் ஆற்றங்கரையோடு நின்றுகொள்ளலாம், புண்ணியம் குறையாது.

ஷாம்பு பாக்கெட்டை மட்டும் அருவியில் விட்டுவிட்டு வராதீர்கள், தாயே.