குக்ரியா, கேம்பிங் கத்தியா?

கேள்வி: நேபாளத்துக் குக்ரி, தொழிற்சாலையில் தயாராகும் கேம்பிங் கத்தி. இரண்டில் எது தரமானது? இதற்காக என் நண்பர்கள் இருவர் பேச்சையே நிறுத்திவிட்டார்கள்!

பதில்: கத்தியை எடுக்காமலே நட்பை வெட்டிக்கொண்டார்களா? பலே!

நேபாளத்தில் பல குக்ரிகள் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் பிறப்பவை. காமி எனப்படும் கொல்லர், பழுக்கக் காய்ச்சிய அலகின் வாய்ப்பக்கமாக மட்டும் கெட்டிலிலிருந்து தண்ணீரை ஊற்றுவார். வாய் கடினமாகும், முதுகு இளக்கமாகவே இருந்து, வெட்டும்போது வரும் அதிர்ச்சியைத் தாங்கும். பரிசோதிக்க ஓர் அரம் போதும்: வாயருகே வழுக்க வேண்டும், முதுகில் கடிக்க வேண்டும்.

ஆனால் கைவேலையில் ஒன்று போல இன்னொன்று அமையாது. தொழிற்சாலைக் கத்தியில் நூறும் ஒரே பதம். விறகு பிளக்க, முன்பக்கம் கனத்த குக்ரி. குச்சி சீவ, வெங்காயம் நறுக்க, சின்னக் கத்தி.

'குக்ரியை உறையிலிருந்து உருவினால் ரத்தம் பார்க்காமல் திரும்பாது' என்பதெல்லாம் கட்டுக்கதை. நேபாளக் கிராமங்களில் அது தினமும் பார்ப்பது விறகையும் காய்கறியையும்தான். நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள், சற்றுத் தள்ளி நின்று!