நாய்க்கு எடை பார்த்தல்: கழித்தல் முறை குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

செல்லப்பிராணி மருத்துவமனையில் நோயைக் கேட்பதற்கு முன்பே எடையைக் கேட்பார்கள். ஊசியோ மாத்திரையோ, பெரும்பாலும் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்பதுதான் கணக்கு. 4 கிலோ பூனை 400 கிராம் இளைப்பதும், 60 கிலோ ஆள் 6 கிலோ இளைப்பதும் ஒன்றே. இத்தனை முக்கியமான எண் சரியாகக் கிடைக்காததற்கு நாய்தான் காரணம் என்பது பொதுவான நம்பிக்கை. அதை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. முன்னோடி

சோழர்கள் தம் முன்னோராகக் கொண்டாடிய சிபிச் சக்கரவர்த்தியே இத்துறையின் ஆசான். புறாவுக்கு ஈடாகத் தன் சதையை அரிந்து வைத்தும் தட்டு சமமாகாததால், கடைசியில் தானே தராசில் ஏறி உட்கார்ந்தார். தம் எடை ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று அவர் தயங்கியதாகக் கதையில் இல்லை.

3. ஆய்வு முறை

எடைமேடையில் நாய் மூன்று வகையாக நிற்கும். ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றால் எடை குறையும். உதவியாளர் வயிற்றைத் தாங்கிப் பிடித்தால் இன்னும் குறையும். நடுங்கிக்கொண்டே நின்றால் எண் நிலைகொள்ளாமல் ஓடும். ஆகவே கழித்தல் முறை: வளர்ப்பவர் நாயோடு ஒரு தடவை ஏறுவார், தனியாக ஒரு தடவை ஏறுவார். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் மிச்சம் நாய்.

4. களத்தில் கண்டது

ஒருவர் பொமரேனியனை அணைத்தபடி ஏறினார். 82.4. நாயை மனைவியிடம் கொடுத்தார். தனியாக ஏறுமுன் செருப்பைக் கழற்றினார். கைப்பேசி, பர்ஸ், சாவிக்கொத்து எல்லாம் பக்கத்து நாற்காலிக்குப் போயின. மூச்சையும் உள்ளிழுத்துக்கொண்டார். 77.4.

“எழுபத்தேழா? எழுபதுன்னுதானே சொன்னீங்க?” என்றார் மனைவி.

“மெஷின் தப்பா காட்டுது.”

“சார், அப்போ எப்படி ஏறினீங்களோ அப்படியே ஏறுங்க” என்றார் உதவியாளர்.

5. விவாதம்

மூச்சை இழுப்பதால் எடை குறையாது. தொப்பை மட்டும் சற்று மறையும். செருப்பின் கதை வேறு. இரண்டு தடவையும் காலில் இருந்தால் கழித்தலில் அது தானாக அடிபட்டுப்போகும். இரண்டாம் தடவை கழற்றினால் அதன் எடை நாய் தலையில் விழும். மேற்படி ஆள் எல்லாவற்றோடும் ஏறியிருந்தால் 78.4 காட்டியிருக்கும், நாய் 4 கிலோ. கழற்றிவிட்டு ஏறியதால் நாய் 5 கிலோ. மருந்தும் கால் பங்கு கூடும். ஆக, மனிதன் மறைக்கப் பார்க்கும் ஒவ்வொரு கிராமும் நாயின் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. நடுங்கியதைத் தவிர நாய் ஒரு பாவமும் அறியாது.

6. பரிந்துரைகள்

அ. எண் தெரியும் பக்கம் உதவியாளரை நோக்கி மட்டும் இருக்க வேண்டும்.

ஆ. எடை பார்க்கும் நேரத்தில் கணவன் அல்லது மனைவியை மருந்துக் கடைக்கு அனுப்பிவிடுவது நல்லது.

இ. பூனைகளுக்கு இப்போதைய முறையே தொடரலாம். பூனை கூடையோடு வருகிறது. பிறகு வெறும் கூடையை வைத்துக் கழிக்கிறார்கள். கூடைக்கு வெட்கம் கிடையாது.