டாக்டர் ஒருவரா, பலரா?
பழைய ஜெர்மன் சொகுசுக் காரை முதல் காராக வாங்குதல் குறித்த ஆய்வு

லைசென்ஸில் மை காயாத இளைஞர், ஆல்டோவுக்கென்று சேர்த்த பணத்தில் பழைய பி.எம்.டபிள்யூ வாங்கத் துணியும் நிகழ்வு நம் ஆய்வுலகின் கண்ணில் இன்னும் படவில்லை. கம்பனில் யானை, கம்பனில் பூனை என்று பட்டங்களை வாங்கிக் குவித்தவர்கள் இதை எப்படிக் கைவிட்டார்கள் என்பது வியப்புக்குரியது. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். கட்டுரையாளருக்குக் காரைப் பற்றி எதுவும் தெரியாது. நம் துறையில் அது ஒருபோதும் தடையாக இருந்ததில்லை.

ஆய்வின் எல்லை: 2003 முதல் 2010 வரை வெளிவந்த ஐந்தாம் வரிசை பி.எம்.டபிள்யூ, அதாவது ரசிகர்கள் ‘இ60’ என்று செல்லமாக அழைப்பது. அதிலும் குறிப்பாக 530ஐ. ஆறு சிலிண்டர், 3 லிட்டர், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஏழு விநாடிகூட வேண்டாம். வந்த புதிதில் நாற்பது லட்சம் அளவில் விற்றதை இன்று ஒரு புது ஆல்டோவின் விலைக்குப் பேரம் பேசலாம். இதை எல்லோரும் ‘ஃபாரின் வண்டி’ என்கிறார்கள். ஆனால் 2007 மார்ச்சில் சிங்கப்பெருமாள் கோவிலை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இந்நிறுவனத்தின் ஆலை திறக்கப்பட்டது. ஆகவே இவற்றுள் பல செங்கல்பட்டுக்காரர்கள். இந்த உண்மையை எடுத்துரைத்தபோது உரிமையாளர் ஒருவர் கட்டுரையாளரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

வாங்குவோர் இருவகைப்படுவர்.

ஒன்று, பணம் உள்ளவர். இவர் புதியது வாங்குவார். ஆய்வுக்கு உரியவரல்லர்.

இரண்டு, மற்றவர்.

இனி மூலபாடம். வண்டிகள் தொகுக்கப்பெறும் இடத்துக்கு ஆட்டோ கன்சல்டிங் என்று பெயர். அங்கே ஓதப்படும் பாடம் ஊருக்கு ஊர் மாறாதது: சிங்கிள் ஓனர், இன்சூரன்ஸ் கரண்ட், டயர் எண்பது பர்சன்ட், ஒரு ரூபா வேலை இல்ல என்மனார் புரோக்கர். இப்பாடத்தின் தொன்மையில் ஐயமில்லை. உண்மையில்தான் ஐயம்.

ஓடோமீட்டர் காட்டும் எண்ணை வைத்துக் காலத்தைக் கணிப்பது மரபு. 62,000 என்று காட்டும். ஆனால் பிரேக் பெடலின் ரப்பர் வழுக்கையாகி, ஸ்டீயரிங் தோல் பளபளத்து, ஓட்டுநர் இருக்கையின் விலாப்பக்கம் நைந்து கிடக்கும். இவை அகச்சான்றுகள். இந்த வண்டிகளில் ஓடிய தூரம் மீட்டரோடு நிற்காமல் வேறு பெட்டிகளிலும், சாவிக்குள்ளும்கூடப் பதிவாகிறது. ஆகவே மீட்டரில் ஒரு பாடம், சாவியில் ஒரு பாடம், சர்வீஸ் ரெக்கார்டில் ஒரு பாடம் என மூன்று பாடபேதங்கள் கிடைப்பதுண்டு. சர்வீஸ் ரெக்கார்டு பெரும்பாலும் நடுவில் ஏடு சிதைந்தது. எந்த எண் சரி? நம்மில் சிலர் பழைய நூல்களின் காலத்தை நூறு நூறு ஆண்டுகளாகப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். கன்சல்டிங்காரர் ஆயிரம் ஆயிரம் கிலோமீட்டராகப் பின்னுக்குத் தள்ளுகிறார். இருவருக்கும் முறையியல் ஒன்றே. அவருக்கு மட்டும் இன்னும் பேராசிரியர் பதவி தரப்படவில்லை.

இனி இவ்வாய்வின் உயிர்நாடியான சிக்கலுக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய சொகுசுக் கார் ஒவ்வொன்றும் ஒரு டாக்டரிடம் இருந்த வண்டி. “டாக்டர் வெச்சிருந்த வண்டி சார்” என்ற தொடர் கோவையிலும் சேலத்திலும் திருச்சியிலும் எழுத்து பிசகாமல் வழங்குகிறது (காண்க: என் ஒன்றுவிட்ட அண்ணன், தொலைபேசியில், சாப்பாட்டுக்கு முன்). பொறியாளர் வைத்திருந்த வண்டி இல்லை. அரிசி மண்டிக்காரர் வைத்திருந்த வண்டி இல்லை. இத்தனைக்கும் இவ்வகைக் கார்களில் அரிசி மண்டி முதலாளிகள் போவதைக் கட்டுரையாளர் கண்ணால் கண்டிருக்கிறார். அவர்கள் இறங்கியபின் அந்த வண்டிகள் என்ன ஆகின்றன என்பது தனி ஆய்வுக்குரியது.

எனில் இந்த டாக்டர் யார்? ஒருவரா, பலரா? ஔவையார் எத்தனை பேர் என்று கேட்டே பணி ஓய்வு வரை வந்துவிட்ட அறிஞர்களுக்கு இக்கேள்வியின் கனம் புரியும்.

பலர் என்பார் கூறுவது: ஊருக்கொரு வண்டி இருப்பதால் ஊருக்கொரு டாக்டரும் இருந்திருக்க வேண்டும். இது மேலோட்டமான பார்வை. ஏனெனில் எல்லா டாக்டர்களுக்கும் வரலாறு ஒன்றாகவே இருக்கிறது. எல்லோருக்கும் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி இரண்டு கிலோமீட்டர். ஒருவரும் இரவில் ஓட்டியதில்லை. எண்பதைத் தாண்டியதில்லை. எல்லோருடைய மகனும் அமெரிக்காவில். அதனால்தான் எல்லோரும் விற்கிறார்கள் (காண்க: மேற்படி அண்ணன், சாப்பாட்டுக்குப் பின், திருத்திய பதிப்பு).

ஒருவரே என்பார் இதைக் கொண்டு தம் கட்சியை நிறுவுவர். ஒரே டாக்டர் நூற்றுக்கணக்கான கார்களை வைத்துக்கொண்டு முறை வைத்து ஓட்டினார் என்றால், எந்த மீட்டரும் ஏறாதது தானே விளங்கிவிடுகிறது. இத்தனை ஆண்டாக அவர் எப்படி உயிரோடு இருக்கிறார் என்று கேட்பாருண்டு. அதியமானின் நெல்லிக்கனியில் பாதி எங்கே போயிற்று என்பது நமக்குத் தெரியாதல்லவா? (இக்கருத்துக்குக் காண்க: எதிர்வீட்டு மாமா, ‘நான் அப்பவே சொன்னேன்’, மொட்டைமாடிப் பதிப்பு, இரண்டாம் தொகுதி, கொசு கடித்ததால் முற்றுப்பெறாதது; இதை மறுத்து அவர் துணைவியார் சமையலறையிலிருந்து எழுப்பிய குரல், தேதி இல்லை; இரண்டையும் ஒப்புநோக்கி அவர்கள் மகன் வெளியிட்ட முகபாவம், கையெழுத்துப் படி, அச்சேறவில்லை.)

டாக்டர் என்பவரே பிற்கால இடைச்செருகல் என்னும் மூன்றாம் கட்சியும் உண்டு. இக்கட்சியார் கன்சல்டிங்கில் கேள்வி கேட்டதால் அவர்களுக்கு டீ தரப்படவில்லை. எனவே அவர்கள் வாதத்தின் முழு வடிவம் கிடைக்கவில்லை.

மூன்று கட்சியாரும் பாராமல் விட்ட ஒன்றைக் கட்டுரையாளர் இங்கே பணிவோடு வைக்கிறார். டாக்டர் உண்மையிலேயே இருந்தார், இரண்டு கிலோமீட்டர்தான் ஓட்டினார் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருமுன் அணைத்து அணைத்து வைத்தால், உள்ளே படியும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலில் கலந்து கிடக்கும். பேட்டரியும் சரியாக ஏறாது. நெடுஞ்சாலையில் லட்சம் கிலோமீட்டர் ஓடிய அரிசி மண்டி வண்டி இதைவிடத் திடமாக இருக்கலாம். இந்த முடிவை இரு முறை உரக்கச் சொன்னபின் கட்டுரையாளருக்கும் டீ நிறுத்தப்பட்டது.

டெல்லி வண்டி என்றொரு கிளைமரபு உண்டு. தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டான டீசலும் 15 ஆண்டான பெட்ரோலும் ஓடக்கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. அதன்பின் மலிவு விலையில் தெற்கே இறங்கிய வண்டிகள் இவை. இங்கே என்.ஓ.சி., மறுபதிவு, வரி என்று கட்டி முடிக்கும்போது மலிவு எங்கே போனது என்று தேட வேண்டிவரும். இங்கேயே பிறந்து வளர்ந்த வண்டியானாலும் 15 ஆண்டு நிறைந்தால் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இந்த வண்டியின் கணக்கில் அதைச் சில்லறை என்றே கொள்க.

ஏனெனில் காலம் செல்லச் செல்லக் காரின் விலை இறங்குகிறது, உதிரிபாகத்தின் விலை இறங்குவதில்லை. நாற்பது லட்சம் காருக்குச் செய்த வாட்டர் பம்ப், அந்தக் கார் நாலு லட்சத்துக்கு விற்கிறது என்பதை அறியாது. 2005-க்குப் பின் வந்த 530ஐ-களில் அந்தப் பம்பும் பெல்ட்டில் சுற்றுவதன்று, மின்சாரத்தில் ஓடுவது. சத்தம் போட்டு முன்கூட்டிச் சொல்லும் நாகரிகம் அதனிடம் இல்லை. நின்றால் எஞ்சின் கொதிக்கும். மக்னீசியம் கலந்த அந்த எஞ்சினின் அலுமினிய போல்ட்டுகளைக் கழற்றினால் திரும்ப மாட்டக்கூடாது, புதியதே போட வேண்டும். டயர்கள் காற்றுப் போனாலும் ஓடும் ரன்ஃபிளாட் வகை, ஆகவே ஸ்டெப்னி கிடையாது. இன்சூரன்ஸை நம்பலாமா? விபத்தில் உடைந்தால்கூட ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். தானாகச் செத்த பாகத்தை அவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை.

மெர்சிடிஸ் பற்றி ஒரு சொல். 1998-இல் வந்த எஸ் கிளாஸ் காற்றடைத்த சஸ்பென்ஷனில் நிற்பது. காற்று கசியத் தொடங்கினால், இரவில் நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் உரிமையாளரைக் கண்டதும் தாழப் பணிந்து கிடக்கும். இது பக்தி இலக்கியத்தின்பாற்படும்.

எம்5 பற்றி இன்னொரு சொல். அதே இ60 உடலில் பத்து சிலிண்டர், 507 குதிரைத் திறன். ஸ்டார்ட் செய்தவுடன் 400 மட்டுமே தரும், மீதியை ஒரு பொத்தானை அழுத்திக் கேட்டு வாங்க வேண்டும். முதல் காராக இதை வாங்குவோர் குறித்து ஆராய மனித உடற்கூறு தெரிந்தவர் வேண்டும். இங்கேதான் டாக்டர் தேவைப்படுகிறார், அவரோ கிடைப்பதில்லை.

களஆய்வின்பொருட்டுக் கட்டுரையாளர் ஒரு 530ஐ-யையும், அதை வாங்கவிருந்த தம்பி ஒருவரையும் மெக்கானிக் ஷெட்டுக்கு அழைத்துச் சென்றார். இதுவரை விளம்பரம், புரோக்கர் உரை, மாமா உரை, உரைக்கு எழுந்த மறுப்புரை எல்லாம் படித்தாயிற்று. மூலத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை. நம் துறையில் அது வழக்கமும் இல்லை. மெக்கானிக் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றினார். டார்ச்சை அடித்து, எஞ்சினுக்கு அடியில் விரலை விட்டு, வந்த ஆயிலை மோந்து பார்த்தார். பானெட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவின் விளிம்பை நகத்தால் கீறினார். ஸ்கேனரைச் செருகினார், வந்த பட்டியல் திரையில் அடங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, “வேணாம் தம்பி” என்றார்.

இரண்டே சொல்லில், மேற்கோளும் அடிக்குறிப்பும் இன்றி, முன்னோர் கருத்து எதையும் மறுக்காமல் சொல்லப்பட்டதால், இதை ஆய்வு முடிவாக ஏற்பதற்கில்லை. தம்பியும் ஏற்கவில்லை. அன்று மாலையே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். டாக்டர் வைத்திருந்த வண்டியாம்.