எங்கள் அநாமதேயச் சித்தப்பா

தஞ்சாவூர்ச் சித்தப்பா போன் படங்களில் முகத்தை மறைக்க ஆரம்பித்து ஆறு வருஷம் இருக்கும். அவர் அனுப்பும் படங்களில் வெள்ளை வேட்டி இருக்கும், சட்டைப்பையில் இரண்டு பேனா இருக்கும், கழுத்துக்கு மேலே மட்டும் பல்லெல்லாம் தெரிய ஒரு மஞ்சள் ஸ்மைலி உட்கார்ந்திருக்கும்.

யாரோ ஒருவர் முகத்தை வெட்டி இன்னொருவர் உடம்பில் ஒட்டிவிட்டார்கள் என்று பேப்பரில் படித்த அன்று ஆரம்பித்த விரதம் இது. "மூஞ்சி போச்சுன்னா எல்லாம் போச்சுடா" என்பார். மூஞ்சியைத் தவிர மற்றதெல்லாம் எப்போதோ போய்விட்டதுதான் விஷயம்.

ஃபேஸ்புக்கில் அவர் பெயர் 'உண்மை விளம்பி 1965'. படத்துக்கு ஒரு செம்பருத்திப் பூ. ஆளை ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர் நம்பிக்கை. வருஷா வருஷம் ஒரு குறிப்பிட்ட நாளில் அந்தச் செம்பருத்திக்குக் கீழே "ஹேப்பி பர்த்டே சித்தப்பா", "மாமா, சுகர் குறைஞ்சுதா?", "சார், கரந்தையில புது வீடு எப்படி?" என்று நாற்பது பேர் வந்துவிடுவார்கள். நாற்பது பேருக்கும் தனித்தனியாக நன்றி சொல்வார். 1965 என்னவென்று கேட்டால், "சும்மா, ஒரு ராசியான நம்பர்." ஏ.டி.எம். அட்டைக்கும் அதே ராசிதான் என்று சித்தி சொல்லித் தெரியும். (இதை எழுத உட்காருமுன் மாற்றச் சொல்லிவிட்டேன். 1966 ஆக்கியிருக்கிறார்.)

பேத்தியின் காதுகுத்துப் படம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்த கதையைச் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு பேர் நின்ற படம். ராத்திரி ஒரு மணிவரை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு தலையாகத் தேடி ஸ்மைலி ஒட்டியிருக்கிறார். அந்தக் குரூப்பில் இருப்பதே படத்தில் நின்ற அதே முப்பத்திரண்டு பேர்தான் என்பது வேறு. மறுநாள் முழுக்க "இதுல நான் எது?" என்று ஆளாளுக்குத் தங்களைத் தேடிக்கொண்டிருந்தோம். சித்திக்கு மட்டும் தேடுகிற சிரமம் இல்லை. அவள் முகத்தில் பூசணிக்காய். கண்ணும் மூக்கும் குடைந்து, உள்ளே விளக்கெரியும் அமெரிக்கப் பேய்ப் பூசணி. சித்தப்பா அதை நம்மூர்த் திருஷ்டிப் பூசணி என்று நினைத்து, பாசத்தில்தான் வைத்திருக்கிறார். சித்தி அதைப் பாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் ரசத்தில் உப்பில்லை.

சித்தப்பா நீர்வளத்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கால் தூர்வாரினால் தூர்வாருமுன் ஒரு படம், தூர்வாரியபின் ஒரு படம், இரண்டிலும் இடமும் நேரமும் அச்சாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பில் பாஸாகாது. அதற்கென்றே ஜிபிஎஸ் மேப் கேமரா என்று ஒரு ஆப் இருக்கிறது. வேலை முடிந்துவிட்டது, ஆப் போகவில்லை. திண்ணையில் காபி குடிப்பதையும் அதில்தான் எடுப்பார். மேலே ஸ்மைலி, கீழே குட்டி வரைபடம், தெருப் பெயர், பின்கோடு, அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, மணி. அட்சரேகையில் புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம். கணக்குப்படி அந்த ஆறாவது இலக்கம் சுமார் 11 சென்டிமீட்டரைக் குறிக்கும். போன் அவ்வளவு துல்லியமாக அளக்காது என்றாலும், எழுதுகிறதென்னவோ டம்ளர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்கிற அளவுக்கு எழுதுகிறது.

"சித்தப்பா, கீழே அட்ரஸே இருக்கே!"

"அது ஆபீஸ் ஃபார்மாலிட்டிடா. அதையெல்லாம் யார் படிக்கிறா?"

ஆப்பை நானே நீக்கினேன். நீக்கிய கையோடு, அச்சாகாவிட்டாலும் படத்தின் மடிக்குள் ஒரு சீட்டு இருக்கும் என்பதையும் விளக்கினேன். எக்ஸிஃப் என்று பெயர், 1995இல் ஜப்பான்காரர்கள் வகுத்தது. எந்த கேமரா, எத்தனை மணி, லொகேஷன் ஆன் செய்திருந்தால் எந்த இடம் என்பதுவரை அதில் பதிவாகிவிடும். வைரஸ் தடுப்பு மென்பொருளால் பேர்பெற்ற ஜான் மெக்காஃபி 2012இல் பெலிஸ் நாட்டுப் போலீஸுக்குத் தண்ணி காட்டிக்கொண்டு ஒளிந்திருந்தார். கூடப் போன பத்திரிகைக்காரர்கள் அவரோடு நின்று எடுத்த படத்தைப் பெருமையாக வெளியிட்டார்கள். படத்தின் மடியில் இருந்த சீட்டு, ஆள் இருப்பது குவாதமாலா என்று சொல்லிவிட்டது. சில நாளில் அங்கேயே பிடிபட்டார்.

சித்தப்பா நெற்றியைச் சுருக்கிக் கேட்டார். "என்ன போன்ல எடுத்தாங்க?"

"ஐபோன்."

"அதான் நான் அதை வாங்கலே."

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது படத்தைச் சுருக்கும்போது இந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடும். நல்ல வேளை என்று நினைத்தேன். ஆனால் சித்தப்பாவுக்குப் படம் சுருங்குவது பிடிக்காது. "கிளாரிட்டி போயிடுதுடா" என்று எல்லாவற்றையும் டாக்குமெண்டாக அனுப்புவார். டாக்குமெண்டாகப் போனால் சீட்டும் சேதாரமில்லாமல் போய்ச் சேரும். ஸ்மைலி ஒட்டுமுன் இருந்த அசல் படத்தையும் "இதுல நான் நல்லா இருக்கேன்ல?" என்று பின்னாலேயே அனுப்புகிறவரிடம் சீட்டைப் பற்றி என்ன பேசுவது?

2019இல் ஜப்பானில் ஒருவன், ஒரு பாடகி போட்ட செல்ஃபியைப் பெரிதாக்கி, அவர் கண்மணியில் பிரதிபலித்த ரயில் நிலையத்தைக் கண்டுபிடித்து, அங்கே காத்திருந்து, பின்தொடர்ந்து போய்த் தாக்கினான். இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த வாரமே ஸ்மைலிக்கு அடியில் முன்னேற்பாடாகக் கூலிங்கிளாஸும் போட ஆரம்பித்தார். ஒட்டிய ஸ்மைலி ஒரு நாள் கொஞ்சம் நழுவிவிட்டது. வெளியே தெரிந்த ஒற்றைக் கறுப்புக் கண்ணாடியில் அவர் தெருவே இருந்தது: வாசல் கோலம், கதவு எண், பைக்கின் நம்பர் பிளேட், நைட்டியோடு போனைப் பிடித்துக்கொண்டிருந்த சித்தி. மறுபடியும் ரசத்தில் உப்பில்லை.

ஆதார் விஷயத்தில் மட்டும் உஷாரானவர் என்று நினைத்திருந்தேன். கேஸ் ஏஜென்சிக்கு அனுப்பிய நகலில் 12 இலக்கத்தையும் போனிலேயே பேனாவால் அழித்திருந்தார். பெருமையாகக் காட்டினார். அது பேனா இல்லை, ஹைலைட்டர். வெளிச்சத்தைக் கூட்டியதும் எண்கள் சிரித்துக்கொண்டு எழுந்தன. அந்தச் சிரமமும் தேவையில்லை. அட்டையின் பின்பக்கத்தில் அதே எண் அப்படியே இருந்தது. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க் ஆதாரை அரசாங்கமே டவுன்லோடு செய்யத் தருகிறது என்றேன். "கவர்மென்ட்டு மறைச்சா எனக்கு நம்பிக்கை இல்லே, நானே மறைச்சாதான் திருப்தி" என்றார், முப்பது வருஷம் கவர்மென்ட்டில் இருந்த மனுஷன்.

சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. திருக்கடையூரில் ஏற்பாடு. பிள்ளையின் நண்பர்கள் தெருமுனையில் பத்துக்கு எட்டு அடியில் ஃபிளெக்ஸ் வைப்பதென்று தீர்மானித்துவிட்டார்கள். படம் தேடினார்கள். குடும்பத்தில் யார் போனிலும் அவர் முகம் இல்லை. பின்னால் வந்த அசல்களையெல்லாம் எல்லோரும் இடம் அடைக்கிறதென்று அழித்திருந்தார்கள். பிரிண்டிங் கடைப் பையன் கிடைத்ததைப் போட்டு அடித்துவிட்டான்.

காலையில் வேனில் ஏறுமுன் போய்ப் பார்த்தோம். பட்டு வேட்டி, மாலை, ஆள் உயர ஸ்மைலி, அருகில் பட்டுப்புடவையில் ஒரு பூசணி. கீழே சித்தப்பாவின் முழுப் பெயர், பதவி, கதவு எண், போன் நம்பர், குடும்பத்தோடு இரண்டு நாள் திருக்கடையூரில் இருக்கப்போகும் தேதிகள், "அனைவரும் வருக".

சித்தி வாயைத் திறக்குமுன் சித்தப்பா முந்திக்கொண்டார். "பாத்தியா? ஆள் யாருன்னு ஒருத்தனுக்காவது தெரியுதா?"

டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே பேனரை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் பேனரைப் பார்த்தார்.

"சார், அச்சு அசல் நீங்களேதான்!"